அரை மணி நேரத்துக்கு டோக்கன்

டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்து நோயாளிகளை வரிசையாகக் கூப்பிடுவதுதான் டோக்கன் அக்காவின் வேலை. பதினாறு வருஷமாக அதே நாற்காலி, அதே குரல். "முப்பத்தி நாலு!" என்று ஒரு அதட்டல் போட்டால் முப்பத்தைந்தாம் ஆளும் சேர்ந்து எழுந்து நிற்பார். அப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டில் ஒருத்தரும் வரிசையில் நிற்பதில்லை என்பதுதான் அநியாயம்.

ஒரு நாள் மதியம், கூட்டமில்லாத நேரத்தில், டாக்டரம்மா அவள் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். முகம் மாறியது.

"தினம் அரை மணி நேரம் தனியா, சும்மா உக்காரு. போன், டிவி ஒண்ணும் கூடாது. அடுத்த வாரம் பாப்பேன். இறங்கலைன்னா மாத்திரைதான்."

மாத்திரை என்றதும் அக்கா அவசரமாகத் தலையாட்டினாள். மாமியாரின் மாத்திரை, கணவரின் மாத்திரை, பூனையின் மாத்திரை எல்லாம் ஏற்கெனவே அவள் பொறுப்பு. இன்னொரு டப்பாவை நினைத்தாலே பிரஷர் ஏறியது.

அன்று சாயங்காலமே படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. மெத்தைக் கடையில் வேலை பார்க்கும் கணவர் ரிமோட்டைக் காணோம் என்று தட்டினார். கல்லூரியில் படிக்கும் மகள் இஸ்திரிப் பெட்டியைக் கேட்டுத் தட்டினாள். கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று கேட்பதற்காகவே மாமியார் தட்டினார். தப்பு அக்கா மேலும் இருந்தது. யார் தட்டினாலும் "வாங்க, அடுத்தது யாரு?" என்று வாய் தானாகக் கேட்டுவிடும்.

கிளினிக்கில் டோக்கன் அச்சடிக்கும் மெஷின் வந்த பிறகு பழைய பிளாஸ்டிக் டோக்கன்கள் மூலையில் கிடந்தன. மறுநாள் அவற்றை டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிவந்து, கூடத்து மேஜையில் அடுக்கினாள்.

"ஆறரையிலேருந்து ஏழு வரைக்கும் நான் பால்கனியில இருப்பேன். ஏதாவது வேணும்னா டோக்கன் எடுத்துட்டு சோபால உக்காருங்க. ஏழு மணிக்கு நானே கூப்பிடுவேன். வீடு தீப்பிடிச்சா மட்டும் செவப்பு டோக்கன்."

"நாங்க என்ன நோயாளியா?" என்றார் கணவர்.

"இல்லைங்க. நோயாளிங்க சொன்னா கேப்பாங்க."

முதல் நாள் ஒரே கூத்து. கணவர் ரிமோட்டுக்குச் சிவப்பு டோக்கனோடு வந்து நின்றார். மகள் ஒன்றாம் எண்ணைப் பதுக்கிவைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவித் தந்தால் தருவதாக அப்பாவிடம் பேரம் பேசினாள். மாமியார் டோக்கனைத் தொடவே இல்லை. நேராகப் பால்கனிக் கதவைத் திறந்தார்.

"வயசானவங்களுக்கு வரிசை கெடையாது. உங்க கிளினிக்லயே எழுதிப் போட்டிருக்கு."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். அந்தப் பலகையை எழுதியதே அவள்தான்.

மூன்றாம் நாள் நிலைமை கொஞ்சம் சீர்பட்டது. ஏழு மணிக்கு "ஒண்ணு!" என்றால், "ரிமோட் மேலதான் உக்காந்திருந்தேன்" என்றார் கணவர். "ரெண்டு!" என்றால், "நானே கண்டுபிடிச்சிட்டேம்மா" என்றாள் மகள். காத்திருக்க வைத்தால் பாதி வியாதி தானே போய்விடும் என்பது அக்கா கிளினிக்கில் பார்த்ததுதான்.

பால்கனியில் முதல் இரண்டு நாள் தெருவில் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் டீயைச் சூடாகக் குடித்தாள். எதிர் வீட்டுக் கொடியில் ஒரு துண்டு சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். அதை யார் எடுத்து மடிப்பார்கள் என்று யோசிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

மாமியார் மட்டும் விடவில்லை. தினமும் இரண்டு தடவை கதவைத் திறப்பார், சுற்றுமுற்றும் பார்ப்பார், "எதுக்கு வந்தேன்னு மறந்துபோச்சு" என்று போய்விடுவார். ஐந்தாம் நாள் அக்கா வெடித்துவிட்டாள்.

"அத்தை, நாளன்னைக்கு பிரஷர் பாக்கறாங்க. உங்களாலதான் நான் மாத்திரை போடப்போறேன்!"

மாமியார் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

ஆறாம் நாள் கதவு திறக்கவே இல்லை. அக்காவுக்கு அதுவும் உறுத்தியது. ஏழு மணிக்கு எழுந்து வந்து, ஒன்றையும் இரண்டையும் கூப்பிட்டு அனுப்பிவிட்டு, "மூணு!" என்றாள். சோபாவிலிருந்து எழுந்தவர் மாமியார்.

"ஆறரைக்கே எடுத்துட்டேன்" என்றார், டோக்கனை நீட்டி. "இவங்க எனக்கு முன்னாடி எடுத்துட்டாங்க. பரவால்ல, காத்திருந்தேன்."

"சொல்லுங்க அத்தை. என்ன வேணும்?"

மாமியார் அவள் தோளுக்குப் பின்னால் பால்கனி நாற்காலியைப் பார்த்தார்.

"உனக்கு முடிஞ்சிருச்சுன்னா, அதுல நானும் ஒரு அரை மணி நேரம் உக்காந்துக்கவா? கல்யாணமாகி நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. எனக்கு எந்த டாக்டரும் இதைச் சொல்லல."

அக்காவுக்கு இப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அவர் தன்னைத் தொந்தரவு செய்ய வரவில்லை, அந்த நாற்காலியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார். நேற்றுக் கத்தியதை நினைத்து வெட்கப்பட்டாள். கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தாள், சூடாக ஒரு டீ கொடுத்தாள், வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நாளை பிரஷர் என்ன காட்டுமோ என்பது அவளுக்கு அப்போது நினைவிலேயே இல்லை.

அதற்குள் கணவர் பட்டன் அறுந்த சட்டையோடு பால்கனியை நோக்கி வந்தார். "அம்மா, இதைக் கொஞ்சம்..."

அக்கா குறுக்கே கையை நீட்டினாள்.

"டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க. ஏழரைக்கு அத்தையே கூப்பிடுவாங்க."