பாட்டுக்காரர் பாடாமல் விட்ட வீடு

இந்தப் பக்கத்தைப் படிக்கும் தம்பி ஒருவர், "ஜவ்வாது மலைக்குக் குடும்பத்தோடு போகலாம் என்றிருக்கிறோம், அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். பார்க்க அருவி இருக்கிறது, காடு இருக்கிறது. அதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கேட்க ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

நான் போனது 1983ஆம் வருடக் கார்த்திகையில். அப்போது வேலூரில் ஓர் அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. அடுத்த மேசையில் வசந்தா. தினமும் கணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய அப்பா ஏகாம்பரம் நாடகங்களுக்குப் பாட்டுக் கட்டியவர். சொல்லும் அவரே, மெட்டும் அவரே. வேலூர், ஆரணி பக்கம் நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள் அவருடைய மெட்டை முணுமுணுப்பார்கள். யார் கட்டியது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். நடிகர்களைத்தான் ஊருக்குத் தெரியும், பாட்டுக் கட்டியவரை எந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது?

நாடகக் கம்பெனி படுத்துவிட்ட பிறகு, "மலையில் ஒரு திருவிழாவுக்குப் பாட்டுக் கட்டக் கூப்பிடுகிறார்கள், பத்து நாளில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வசந்தாவுக்கு அப்போது பதினோரு வயது. அந்தப் பத்து நாள் முடியவே இல்லை. பல வருடங்கள் மலையிலேயே இருந்து, அங்கேயே செத்தும் போனார். சேதி கணியம்பாடிக்கு வந்து சேரவே ஒரு மாதம் ஆனது. வசந்தாவின் அம்மா ஆலிலையைச் சாப்பாட்டு இலையாகத் தைத்துக் கடைகளுக்குப் போட்டு மகளைப் படிக்க வைத்தார். கடைசிவரை புருஷனைப் பற்றி நல்லதாகவும் கெட்டதாகவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒடுகத்தூர் புளி வியாபாரி முனுசாமி ஏதோ மனு கொடுக்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மலைக்கு மேலே போய்ப் புளி எடுத்து வருகிறவர். பேச்சுவாக்கில் வசந்தா யாருடைய மகள் என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"பாட்டுக்காரரு பொண்ணாம்மா நீங்க? அவரு கட்டுன பாட்ட இன்னும் மேல பாட்றாங்கம்மா. சாமை அடிக்கிற அன்னிக்கு களத்துல பாடுவாங்க. ஊரே பாடும்."

வசந்தா மிஷினில் இருந்த காகிதத்தை உருவி எடுத்தாள். பாதி அடித்திருந்த காகிதம். "அந்தப் பாட்டுல எங்க அம்மா பேரு வருதா?" என்று கேட்டாள். முனுசாமிக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம். நான் உப்புக்குச் சப்பாணியாகச் சேர்ந்துகொண்டேன். "ரெண்டு பொம்பளைங்க தனியா மலைக்கா?" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். முனுசாமியின் மனைவியும் வருகிறார் என்று ஒரு பொய்யைச் சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வேலூரில் பஸ் ஏறினோம். அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூர், சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், மூன்றேகால் ரூபாய். எட்டேகாலுக்கு இறங்கிக் கடையில் இட்லி சாப்பிட்டோம். நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் இட்லி நன்றாகவே இருந்தது. அங்கிருந்து அடிவாரம் வரை முனுசாமியின் மாட்டுவண்டி. அதற்கு மேல் கால்தான் வண்டி. புளியங்கொல்லை என்கிற அந்தச் சின்ன ஊருக்கு அன்றைக்குப் பாதையென்று இருந்தது ஓர் ஒற்றையடித் தடம்.

"தூரமாங்க?" என்று கேட்டேன். "கூப்புடு தூரந்தாம்மா" என்றார் முனுசாமி. யார் யாரைக் கூப்பிட்டால் கேட்கும் என்று அவர் சொல்லவில்லை. நாலரை மணி நேரம் ஏறினோம். செருப்பு சரியில்லை, கல் சரியில்லை, வெயில் சரியில்லை என்று வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். வசந்தா முன்னால் ஏறிப் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு பாறையில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது, "அம்மா பேரு ஒரு எடத்துலயாவது இருக்கணும்டி. இல்லன்னா பாட்டாவது கீட்டாவது, திரும்பிப் பாக்காம எறங்கிடுவேன்" என்றாள்.

ஊரில் மொத்தம் ஒன்பது வீடு, ஏகாம்பரம் இருந்த வீட்டையும் சேர்த்து. எங்களைத் தன் வீட்டில் தங்க வைத்தவர் வெள்ளையன். ஐம்பதை நெருங்குகிறவர், சாமையும் கேழ்வரகும் போடுகிற விவசாயி. அவர் மனைவி பொன்னி. வசந்தா யார் என்று தெரிந்ததும் பொன்னி ஓடிவந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். "மூக்கு அப்படியே அவருதே" என்றாள். வசந்தா மெல்ல முகத்தை விலக்கிக்கொண்டாள்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே வெள்ளையன் சொன்னார்.

"வந்தப்ப நல்ல காய்ச்சலு. எங்க அப்பாதான் இந்த வூட்ல படுக்க வச்சாரு. திருவிழாவுக்குப் பாட்டு கட்ட முடியல. வெறுங்கையோட எப்படி வூட்டுக்குப் போறதுன்னு இங்கயே நின்னுட்டாரு. ரெண்டு தபா கீழ ஒடுகத்தூர் வரைக்கும் எறங்கினாரும்மா. பஸ்ஸப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டாரு."

"ஏன், பஸ்ஸு இன்னா கடிக்குமா?" என்றாள் வசந்தா.

வெள்ளையன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நாங்களும் அதத்தான் கேட்டோம். வருஷம் ஆவ ஆவ போவ முடியலன்னாரு" என்றார். எனக்கு ஏகாம்பரத்தின் மேல் பாவமாகவும் இருந்தது, உயிரோடு இருந்தால் எழுந்துபோய் நாலு அறை விடலாம் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரக்கூடாது என்று யார் சொன்னது?

மறுநாள் காலை வெயில் ஏறியதும் ஊர்ப் பொதுக் களத்தில் சாமைக் கதிரைப் பரப்பினார்கள். முதல் அடிப்பு முடிந்ததும் பாட்டு. அதைப் பாடும் முறையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. ஏகாம்பரம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சரணம் கட்டியிருந்தார். அந்த வீடு தனக்கு என்ன செய்தது என்பதே சரணம். அதை அந்த வீட்டுக்காரர்கள்தான் பாடலாம், வேறு வாய் பாடக்கூடாது. சரணம் முடிந்ததும் களத்தில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து ஒரு வாழ்த்துப் பாடுவார்கள். அந்த வாழ்த்து எல்லா வீட்டுக்கும் ஒன்றேதான். பின்னால் பம்பை மேளம்.

வெள்ளையன் வீடுதான் முதல். அவரும் பொன்னியும் நின்று பாடினார்கள்.

"கேவுரு களி கிண்டித் தந்த வூடு – என்
காய்ச்சலுக்குக் கம்பளி தந்த வூடு."

உடனே ஊர் மொத்தமும்:

"அந்த வூடு நல்லா இருக்கட்டும் – அய்யா
அடுப்பு அணையாம இருக்கட்டும்!"

அடுத்த வீட்டுக்காரர்களைச் சரியாகக் கிண்டல் செய்திருந்தார் மனுஷன்.

"சண்ட போட்டா மலையே கேக்கும் வூடு – ஆனா
சாமச் சோத்த மூடி வைக்கும் வூடு."

அந்த வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பெருமையாகப் பாடினார்கள், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே. களமே சிரித்தது. மெட்டு எளிமையானது, ஆனால் "வூடு" என்கிற இடத்தில் ஒரு சின்ன இறக்கம் இருந்தது. வாசற்படியில் கால் வைத்து இறங்குகிற மாதிரி. அதைக் கேட்டதும் இதைக் கட்டியவர் சாதாரண ஆள் இல்லை என்று எனக்கே தெரிந்தது. எனக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது.

ஐந்தாவது வீட்டு முறை வந்தபோது யாரும் எழவில்லை. அந்தக் குடும்பம் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தது. பம்பைக்காரர் அந்தச் சரணத்தின் தாளத்தை மட்டும் அடித்தார், எல்லோரும் சும்மா இருந்தார்கள். பாடாத வீட்டுக்கு வாழ்த்தும் கிடையாது. பிறகு ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொரு வீட்டிலும் வசந்தா காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். அவள் அம்மா பேர் ராஜம். எந்தச் சரணத்திலும் ராஜம் வரவில்லை. எட்டாவது முடிந்ததும் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். கிளம்பத்தான் எழுந்தாள், எனக்குத் தெரியும்.

அப்போது பம்பை மறுபடியும் தொடங்கியது. ஒன்பதாவது. யாரும் பாடவில்லை. பம்பைக்காரர் அடித்து முடித்துவிட்டு வசந்தாவைப் பார்த்தார். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"இது யாரு வூடு?" என்று கேட்டாள்.

"பாட்டுக்காரரு வூடு" என்றார் வெள்ளையன். "எல்லாருக்கும் கட்டுனீங்களே, உங்க வூட்டுக்கு ஒண்ணு கட்டுங்கன்னு கேட்டோம். அத நான் கட்டக்கூடாது, எனக்கு அந்த யோக்கியதை இல்ல, என் வூட்டுக்காரங்க யாராவது வந்தா அவங்க பாடட்டும்னுட்டாரு. அவரு இருந்த வரைக்கும் இந்த எடத்துல தலையக் குனிஞ்சிக்கினு உக்காந்திருப்பாரு. அவரு போன பொறவும் பம்பைய மட்டும் அடிச்சி வுடுறோம்மா."

"எனக்குப் பாடத் தெரியாது."

"தெரிஞ்சத சொல்லு தங்கச்சி" என்றாள் பொன்னி. "அண்ணே, இன்னொரு தபா அடி."

பம்பை இரண்டாம் தடவையும் வந்து போனது. மூன்றாம் தடவை வசந்தா வாயைத் திறந்தாள். குரல் கரகரவென்று வந்தது, மெட்டு மட்டும் பிசகவில்லை. அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்தது மூக்கு மட்டும் இல்லை போலும்.

"வாசக் கதவத் தெறந்து வச்ச வூடு – நீ
வருவேன்னு வெளக்கு வச்ச வூடு.
ஆலிலையத் தச்சித் தின்ன வூடு – ராஜம்
அழுவாமலே செத்துப் போன வூடு."

அய்யோ, ஊருக்கு நடுவில் பெற்ற அப்பனை இப்படிக் கேட்டுவிட்டாளே, என்ன சொல்லப்போகிறார்களோ என்று பயந்துபோனேன். அவர்களுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. வீட்டுக்காரர் பாடியாகிவிட்டது, அடுத்தது ஊர் பாடவேண்டியதுதானே? அத்தனை பேரும் குரலெடுத்துப் பாடினார்கள்.

"அந்த வூடு நல்லா இருக்கட்டும் – அய்யா
அடுப்பு அணையாம இருக்கட்டும்!"

வசந்தா அப்படியே சாமைக் கதிர் மேல் உட்கார்ந்துவிட்டாள். அம்மா செத்த அன்றைக்குக்கூட நான் அவளை அப்படி அழுது பார்த்ததில்லை. அந்த வாழ்த்தைக் கட்டிய மனிதர் அத்தனை வருடம் அதை எட்டு வீட்டுக்கும் பாடக் கேட்டுக்கொண்டு, தன் வீட்டுக்கு மட்டும் கேட்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். நானும் அழுதேன். பொன்னி எங்கள் இருவருக்கும் ஒரே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு பாட்டு முடிந்தது, வேலை இருக்கிறதல்லவா, மறுபடியும் கதிர் அடிக்கப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலை இறங்கினோம். இறங்க மூன்று மணி நேரம் போதும், ஆனால் முழங்கால் ஒரு வாரம் பேசும். கிளம்பும்போது வெள்ளையன், "சரணம் இப்ப உங்க வூட்டுது. நாங்க பாட முடியாது. வருஷா வருஷம் நீங்கதாம்மா வரணும்" என்றார். அடுத்த கார்த்திகைக்கு வசந்தா லீவு எழுதிக் கொடுத்தபோதுதான் போகப்போகிறாள் என்று எனக்கே தெரிந்தது. முடிந்த வருடமெல்லாம் போனாள். ஆறேழு தடவை நானும் கூடப் போனேன்.

பெரிய பாட்டுக்காரர்களுக்கு மண்டபம் கட்டுகிறார்கள், ஆண்டுதோறும் விழா எடுத்து மாலை போடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏகாம்பரத்துக்கு அதெல்லாம் கிடையாது. அவர் செய்த வேலையில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது அவர் கட்டாமல் விட்ட அந்த நாலு வரிதான். குடும்பத்தை விட்டுப் போனதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்க நான் யார்? ஆனால் தன்னைத் திட்டுவதற்குத் தன் மெட்டிலேயே இடம் ஒதுக்கி வைக்க ஒரு நேர்மை வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: இப்போது மேலே ரோடு வந்துவிட்டது, ஆனால் பஸ் அபூர்வம். ஒடுகத்தூரில் விசாரித்துவிட்டு ஏறுங்கள், கடைசி பஸ் எப்போது என்பதை இரண்டு பேரிடம் கேளுங்கள். சாமை அறுப்பு மழையைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும், தேதி யாரும் சொல்ல மாட்டார்கள். குளிருக்குப் போர்வையும், வேண்டிய மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு போகாமல் வெல்லமோ டீத்தூளோ வாங்கிப் போங்கள். களத்தில் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். வாழ்த்து மட்டும் எல்லோருக்கும் பொது, நீங்களும் சேர்ந்து பாடலாம். ஒன்பதாவது வீட்டுச் சரணத்துக்குப் பிறகு கொஞ்சம் சத்தமாகவே பாடுங்கள்.

ஒரு வருடம், களத்தில் பாடி முடித்து உட்கார்ந்திருந்தபோது, வெள்ளையன் தயங்கித் தயங்கி வசந்தாவிடம் கேட்டார்: "இத்தினி வருஷம் ஆயிடுச்சி. கோவம் கொறஞ்சிருந்தா சரணத்த மாத்திக்கலாம்மா. வூட்டுக்காரங்க இஷ்டந்தான்."

வசந்தா புடவையில் ஒட்டியிருந்த சாமை உமியைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "கோவம்லாம் எப்பவோ போயிடுச்சிண்ணே. ஆனா மாத்த மாட்டேன். எங்க அம்மா பேரு இருக்குறது இந்த ஒரு எடத்துலதான்."