பனைமரப் பாலத்து மறியல்

எங்கள் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால். இரண்டு பனைமரங்களைச் சேர்த்துக் கிடத்தியதுதான் பாலம். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்கால் கரை தொட்டு ஓடும். பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகத்தான் கடப்போம். எனக்குக் கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றும். பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தால்தான் எனக்குப் படிப்பு.

அந்த வருஷம் நடவுக்கூலியைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாம் ஆட்சி மாறிய தைரியம் என்று மிராசுதார்கள் பல்லைக் கடித்தார்கள். கொஞ்சம் நிலம் வைத்திருந்த என் அப்பா மட்டும் கேட்டதைக் கொடுத்து நட்டுவிட்டார். மற்றவர்கள் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். அப்பாக்கள் செய்தால் பிள்ளைகள் சும்மா இருக்குமா? பெரிய பண்ணை வீட்டுப் பெண் வகுப்பையே கூட்டிவைத்து எனக்குக் ‘காய்’ விட்டாள். பேச்சில்லை, விளையாட்டில்லை, பாலத்தில் கையும் இல்லை.

தினமும் இக்கரையில் நின்று அழுதுவிட்டு வீடு திரும்பினேன். "பயமா இருந்தா வீட்டோட இருந்துடு. பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு படிச்சது போதும்" என்றாள் அம்மா. மறுநாளும் போய் நின்றேன்.

எங்கள் வரிசையின் கடைசியில் எப்போதும் ஒருத்தி தனியாக வருவாள். கடற்கரை ஊர்க்காரி. மீன் விற்கும் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். வாடை அடிக்கிறது என்று யாரும் அவள் கையைத் தொட்டதில்லை. படகில் வளர்ந்தவளுக்குக் கை எதற்கு என்று ஒரு நியாயம் வேறு வைத்திருந்தோம்.

அன்று அவள் எல்லோரையும் முந்தி ஓடி, பாலத்தின் நட்டநடுவில் உட்கார்ந்துவிட்டாள். கால்கள் தண்ணீருக்கு மேலே தொங்கின.

"எந்திரிடி, மணி அடிச்சுருவாங்க!" என்று கத்தினாள் பண்ணை வீட்டுப் பெண்.

"அவ கையப் புடிச்சு நீ கூட்டிட்டு வா. எந்திரிக்கிறேன்."

"நீ யாருடி சொல்றதுக்கு?"

"வரப்புல ஆளுங்க உக்காந்திருக்காங்கல்ல? அதேதான். மறியல்."

நான் அசந்துபோனேன். எங்கள் வயசுதான் அவளுக்கும். பெரியவர்களைப் பார்த்து நாங்கள் கற்றது ஒதுக்கிவைக்க. அதே பெரியவர்களைப் பார்த்து இவள் என்ன கற்றிருக்கிறாள்! பிடித்துத் தள்ள ஒருத்திக்கும் துணிவில்லை. அக்கரையில் மணி அடித்தது. தாமதமானால் வெயிலில் முட்டி போடவேண்டும். பண்ணை வீட்டுப் பெண் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு என்னிடம் கையை நீட்டினாள்.

மறியல்காரி எழுந்து இக்கரைக்கே வந்து வழி விட்டாள். எல்லோரும் கைகோத்துக் கடக்கத் தொடங்கினார்கள். வரிசையின் கடைசியில் நான், எனக்குப் பின்னால் வழக்கம்போல அவள் தனியாக. பாலத்தில் கால் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தனக்கென்று அவள் ஒரு கையும் கேட்கவில்லை.

என் மற்ற கையைப் பின்னால் நீட்டினேன்.

"மீன் வாட அடிக்கும்டி" என்றாள்.

"அடிக்கட்டும்."

பிடித்துக்கொண்டாள். அந்தக் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.