வாசலில் மிதித்த பனி

பிரின் மலையில் எங்கள் விடுதியைப் பார்த்துக்கொண்டவர் நெடெல்கோ. நான் அங்கே சமையல்காரி. அவருக்கு வாய் நீளம், பிடிவாதம் அதைவிட நீளம். வசந்தகாலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு மேலே ஏற வருகிறவர்களுக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

விடியும் முன் பூட்ஸ் குதிகாலால் பனியை ஓங்கி மிதிப்பார். இரவெல்லாம் வானம் தெளிந்திருந்தால் பனி இறுகி, கால் இறங்காது. வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடச் சொல்லி அனுப்புவார். மேகம் மூடிய இரவென்றால் கால் புதையும். அன்று யார் கெஞ்சினாலும் மேலே விடமாட்டார், பீன்ஸ் சூப்தான் கிடைக்கும். காலையில் அவரைத் திட்டியவர்களே, மதியம் சரிவு இடிந்து விழும் சத்தம் கேட்டதும் அவருக்கு ராக்கியா சாராயம் வாங்கி ஊற்றுவார்கள்.

மிதித்துப் பார்க்க விறகுக் கொட்டகைக்கு அப்பால், யாரும் கால் வைக்காத பனிக்குப் போவார். போன வருடம் ஒருநாள் முழங்கால் வீங்கியிருந்தது. அன்று வாசலிலேயே மிதித்தார். ஈஸ்டர் கூட்டம் நடந்து நடந்து இறுக்கிய பனி அது. எப்படியும் கல்லாகத்தான் இருக்கும். இரவில் மேகம் வந்து மூடிவிட்டுப் போனதை எங்களில் யாரும் பார்க்கவில்லை. விடியும்போது வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

அன்று கிளம்பியது அவர் மகள் ரலிட்சாவும் மருமகன் கமெனும்.

"என்ன மாமா, உத்தரவு உண்டா?" என்று கமென் சீண்டினான்.

"இரும்பு மாதிரி இருக்குடா. போயிட்டு வாங்க."

வெயில் பட்டதும் சரிவு மொத்தமாகக் கழன்று வந்தது. ஓரத்தில் இருந்த ரலிட்சா தப்பினாள். கமெனைத் தோண்டி எடுத்தபோது உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை.

அதன்பின் நெடெல்கோ யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. விடுதிக் கதவில் ஒட்டிய கமெனின் மரண அறிவிப்பு நைந்தால் புதிது ஒட்டுவார், அவ்வளவுதான்.

இந்த வசந்தத்தில் ரலிட்சா கட்டைகளோடு வந்து ஓர் இரவு தங்கினாள். அப்பாவிடம் பேசவில்லை. விடியலில் அவர் நொண்டிக்கொண்டே கொட்டகைக்கு அப்பால் போய், தொடை வரை நனைந்து திரும்பினார். அவள் எதிரில் வந்து நின்றார்.

"பனி உறையலம்மா. இன்னிக்கு வேண்டாம்."

அவள் நிமிராமல் பூட்ஸைக் கழற்றினாள்.

"தெரியும். உங்களுக்கு முன்னாடியே நான் போய்ப் பாத்துட்டேன். இன்னிக்கு மேல போகல. ஆனா நீங்க சொன்னதுக்காக இல்ல."

எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. அவர் "சரிம்மா" என்றார். ஈரக் கால்சட்டையோடு போய் அவளுக்கு சூப் எடுத்துவந்து வைத்தார்.