ஆள் வராத பௌல் மேட்ச்

ஹூஸ்டனில் ஒரு ஹோட்டலில் என் மகள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி தூரம். ஆனால் வீட்டுக்கு வர மாட்டாளாம்! தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பர் காலை, ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் எங்கள் அடுப்படியில் நின்றுகொண்டு, இதை எந்தத் தாய் பொறுப்பாள் என்று சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வடக்கே, பனி கொட்டும் ஊரில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தவள், அந்த ஆகஸ்டில் மியூசிக்குக்கு மாறிவிட்டாள். காலேஜ் ஃபுட்பால் டீமின் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். "ஊதறதுக்கா உன்ன படிக்க வச்சேன்?" என்று போனை வைத்தவர்தான் என் வீட்டுக்காரர், பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். "அப்பா ஆஸ்க் பண்ணாம ஐ'ம் நாட் கமிங் ஹோம். எவர்," என்று சொல்லிவிட்டாள். இரண்டு வீம்புக்கும் நடுவில் என் உயிர் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் டீமை ஹூஸ்டன் பௌல் ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சீசன் முடிந்ததும் ஒவ்வொரு ஊர்க் கமிட்டியும் இரண்டு காலேஜ்களை அழைத்து நடத்தும் ஆட்டம் இது. நல்ல டீம்களைப் பெரிய ஊர்கள் கொத்திக்கொண்டு போய்விடும். மிச்சம் மீதி சின்ன பௌல்களுக்கு. டீம் எப்படி ஆடுகிறது என்பதைவிட, அதன் பின்னால் எத்தனை பேர் வந்து ஹோட்டல்களை நிரப்புவார்கள் என்றுதான் கமிட்டி பார்க்குமாம். ஹூஸ்டன் கமிட்டி கேட்ட டீம்கள் எல்லாம் கையை விரித்த பிறகு, என் மகளின் டீமும் வேறொரு மூலையிலிருந்து ஒரு டீமும் அகப்பட்டன. "நோபடி கம்ஸ் டு திஸ் ஒன், அம்மா. டோன்ட் பாதர்," என்றாள்.

நான் நம்பவில்லை. டிவியில் காட்டுகிற மேட்ச், கூரை போட்ட பிரம்மாண்ட ஸ்டேடியம், கூட்டம் வராதா? சேப்பாக்கத்தில் டிக்கெட்டுக்கு அடிதடி பார்த்து வளர்ந்தவள் நான். அன்றைக்கே டிக்கெட் ஆபீசுக்குப் போன் பண்ணி, எங்கேயாவது மூலையில் இரண்டு சீட் கொடுங்கள் என்று கெஞ்சினேன். போனில் அந்தப் பெண் சிரித்தாள். என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

அவரை எப்படிக் கூட்டிப்போவது? எனக்கோ ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பயம். மேட்ச் என்றால் அவர் வர மாட்டார். ஆனால் கோயில் என்றால் அந்த மனிதர் மறுத்ததே இல்லை. மேட்ச் அன்று காலை, "மார்கழியாச்சே, பேர்லேண்ட் கோயிலுக்குப் போய் அம்மனைப் பார்த்துட்டு வரலாம்," என்றேன். வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சந்நிதியில் நின்று, தாயே, இவர் வாயைத் திறக்க வை என்று மனசுக்குள் கதறினேன். ஸ்டேடியம் வாசலில் கூட்ட நெரிசலில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் பிரசாதம்கூட வாங்க விடாமல் அவரை இழுத்து வந்தேன்.

திரும்பும் வழியில், "இந்த எக்ஸிட் எடுங்க," என்றேன்.

"ஏன்?"

"எடுங்கன்னா எடுங்க!"

ஸ்டேடியம் கண்ணில் பட்டதும், மகள் இங்கேதான் இருக்கிறாள் என்று புரிந்துகொண்டார். முகம் கடுகடுத்தது. பார்க்கிங் மைதானம் பரந்து கிடந்தது, ஒன்றிரண்டு கார்கள்தான். ஐயையோ, தேதியைத் தப்பாகப் பார்த்துவிட்டேனா என்று டிக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தூரத்தில் காலேஜ் பஸ்கள் நின்றதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

"நீ போ. நான் கார்லயே இருக்கேன்."

"என்னங்க, இன்னிக்கு விட்டா அவ திரும்ப வரவே மாட்டா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் கார் ரேடியோவைப் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு டிக்கெட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, பட்டுப்புடவை தடுக்க, தனியாக உள்ளே போனேன்.

உள்ளே காக்கா குருவி இல்லை. கூரைக்குப் பக்கத்தில் என் நம்பரைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தேன். சுற்றிலும் வெறும் நாற்காலிகள். சீட் காட்டும் அம்மாள் மூச்சிரைக்க மேலேறி வந்து, கீழே எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றாள். டிக்கெட்டில் இந்த நம்பர்தான் இருக்கிறது, கீழே யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்று நான் நகர மறுத்தேன். "ஹனி, யாருமே வரப்போறதில்லை," என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

பாதி ஆட்டம் முடிந்து பேண்ட் மைதானத்துக்கு வந்தது. வரிசையின் ஓரத்தில் என் பெண். இளைத்திருந்தாள். அத்தனை பெரிய இடத்தில் அந்த வாசிப்பு போய் எங்கேயோ மோதித் திரும்பியது. கைதட்டல் மழைத் தூறல் மாதிரி நாலு சொட்டு விழுந்து நின்றது. இதற்காகவா வீட்டைப் பகைத்தாய் என்று அவளையும், வீம்பு பிடித்த மனிதனையும், கமிட்டியையும் சேர்த்துச் சபித்தேன்.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, நெற்றி நிறைய விபூதியோடு அவர் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"என்னடி இது, ஒருத்தனும் வரலையே!" மைதானத்தைக் கைகாட்டினார். "ரேடியோல சிரிக்கறான் இவங்களப் பாத்து. எம் பொண்ணு வாசிக்குது, சிரிக்கறான்! கேக்க ஒரு ஆள் வேண்டாம்?"

உட்காரச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. நேராகக் கம்பி வரைக்கும் போய் நின்றுகொண்டு, அடுத்த பாட்டு முடிந்ததும் கைதட்டினார். ஆத்திரத்தோடு, கோபத்தோடு, உள்ளங்கை சிவக்கத் தட்டினார். எதிர்த்தரப்பு ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பேண்ட் வரிசையாக வெளியேறத் தொடங்கியது. ஓரத்தில் வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த பெண் அவள்மேல் இடித்துக்கொண்டாள்.

"பாப்பா!" என்று கத்தினார் அவர். கூட்டம் இருந்திருந்தால் அந்தக் குரல் பத்தடி போயிருக்காது. காலி ஸ்டேடியத்தில் மூலை முடுக்கெல்லாம் கேட்டது. "வீட்டுக்கு வாம்மா! அப்பா கூப்பிடறேன், வா!"