அக்கா அளந்த வாய்க்கால்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கத்தித் தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவள் நான். அவள் மென்று விழுங்குவாள். விழுங்கியது செரிக்காமல் வருஷக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். கல்லூரியில் புவியியல் பாடம் எடுக்கிறாள். மாணவிகள் வைத்த பெயர் மேப் மிஸ். வீட்டுச் சாவியை எங்கே வைத்தாள் என்று நான்தான் தினமும் தேடிக் கொடுக்க வேண்டும், அது வேறு விஷயம்.

அவள் கறுவிக்கொண்டிருந்தது எங்கள் சித்தப்பாவை. அடுத்த வீடு அவருடையது. அந்தப் பக்கமாக ஒரு காலத்தில் மழைநீர் வாய்க்கால் ஓடியது. அதை மூடி, மேலே மாடிக்கு மேல் மாடியாக எழுப்பிக்கொண்டார். அன்றிலிருந்து மழை பெய்தால் தெருத் தண்ணீரெல்லாம் எங்கள் கூடத்துக்குத்தான் வரும். போன மழையில் அம்மா அந்தச் சாக்கடைத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்த சித்தப்பா, "வயசான காலத்துல பார்த்து நடக்க வேணாமா அண்ணி" என்றார். அந்த ஆப்பிளை அவர் வாயிலேயே திணிக்கலாம் போலிருந்தது எனக்கு. அக்கா, "உட்காருங்க சித்தப்பா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். இவள் சும்மா விடப்போவதில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நகராட்சியில் புகார் கொடுத்தோம். விசாரிக்க வந்த இன்ஜினியரிடம் சித்தப்பா கூசாமல் சொன்னார். "இங்க வாய்க்காலே கிடையாது சார். இந்தப் பொண்ணுக்குப் பாடம் நடத்தி நடத்தி, பார்க்கற இடத்துலெல்லாம் ஆறு ஓடுது." இன்ஜினியரும் சேர்ந்து சிரித்தார். அக்கா பழைய சர்வே வரைபடத்தை நீட்டினாள். "இது எந்தக் காலத்துதோம்மா. இப்ப அது எங்க இருக்குன்னு அளந்து காட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வருஷம் மாணவிகளின் களப்பணிக்கு அக்கா எங்கள் தெருவைத் தேர்ந்தெடுத்தாள். மழைநீர் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முடிவை நகராட்சிக்கே நேராக அனுப்பவும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டாள்.

மாணவிகள் தொப்பியும் டேப்லெட்டுமாக வந்து இறங்கினார்கள். தெருவின் மேல்முனையில் வாய்க்கால் திறந்து கிடக்கும் இடம், கீழ்முனையில் அது மறுபடி வெளியே வரும் இடம், இடையில் தெருவில் தெரியும் வாய்க்கால் மூடிகள், எல்லாவற்றின் மேலும் நின்று செல்போனில் இடத்தைக் குறித்தார்கள். அந்தப் புள்ளிகளோடு பழைய வரைபடத்தைப் பொருத்தினால், வாய்க்கால் எந்த வீட்டுக்கடியில் புதைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் செல்போன் சொதப்பியது. திரையில் நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் வரும். இதற்குள் எங்கேயோ நிற்கிறீர்கள் என்று அர்த்தம். உயரமான வீடுகளுக்கு நடுவில் அந்த வட்டம் பெருத்துத் தெருவையே விழுங்கியது. மாடியில் நின்று வேடிக்கை பார்த்த சித்தப்பா, "என்னம்மா, உங்க மிஷின் என்னை நடுரோட்டுல குடி வச்சிடுச்சா" என்று கேட்டார். மாணவிகள் சிலர் சிரித்துத் தொலைத்தார்கள்.

மறுநாள் அக்கா கல்லூரியிலிருந்து பெரிய கருவியைக் கொண்டுவந்தாள். நீளக் கம்பின் நுனியில் காளான் குடை மாதிரி ஓர் ஆன்டெனா. அதை மூடியின் நடுவில் ஊன்றி ஆடாமல் அசையாமல் பிடித்திருந்தால், வட்டம் சுருங்கிச் சுருங்கி உள்ளங்கை அளவுக்கு வந்துவிடும். வெயில் மண்டையைப் பிளந்தது. மாணவிகள் கேட்டும் அவள் கம்பைக் கொடுக்கவில்லை. அவள் பிடித்த பிடியைப் பார்த்தால் சித்தப்பாவின் கழுத்தைப் பிடித்த மாதிரியே இருந்தது.

கடைசிப் புள்ளியும் விழுந்தது. ஒரு மாணவி பழைய வரைபடத்தை அதன்மேல் பொருத்தினாள். வாய்க்கால் சித்தப்பா வீட்டின் நடுவயிற்றில் புகுந்து, கொஞ்சம் வளைந்து, எங்கள் சமையலறையை அறுத்துக்கொண்டு வெளியேறியது.

"மிஸ், இது உங்க வீடு இல்ல?"

அப்பா உயிரோடு இருந்தபோது பார்த்துப் பார்த்துக் கட்டிய சமையலறை. நாளெல்லாம் நான் குப்பை கொட்டுகிற இடமும் அதுதான்.

சித்தப்பா கீழே இறங்கி வந்து திரையை எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் பல். "அண்ணனும் நானும் சேர்ந்துதானே மூடினோம். முதல் பலகைக்கல்லைப் போட்டதே உங்கப்பாதான். அனுப்பு பார்க்கலாம், உங்க அடுப்படியும் சேர்ந்து போகட்டும்." வாய்க்காலே கிடையாது என்ற மனுஷன், இத்தனை பேர் முன்னால் அதன் ஜாதகத்தையே ஒப்பித்துவிட்டார்.

"மிஸ், அந்த மூலையை மட்டும் லேசா நகர்த்திடட்டுமா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

"அளந்தது அளந்தபடியே போகட்டும். கொண்டா இங்க" என்று டேப்லெட்டை வாங்கி, அக்கா அவர் கண் எதிரிலேயே அனுப்பினாள். சித்தப்பாவுக்கு மூஞ்சி செத்துப்போனது. எனக்கு அந்த நேரத்தில் இருவர் மேலும் பற்றிக்கொண்டு வந்தது. "அடிப்பாவி, நான் எங்கடி சமைப்பேன்" என்றேன். "கூடத்துல" என்றாள்.

நோட்டீஸ் வந்தது. சித்தப்பா பிடிக்காத ஆள் இல்லை, விழாத கால் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. அன்று சிரித்த அதே இன்ஜினியர்தான் இயந்திரத்தோடு வந்து நின்றார். முதலில் எங்கள் சமையலறை போனது. பாத்திரங்களைக் கூடத்தில் அடுக்கியபடி நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். பிறகு சித்தப்பா வீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

"உன் வீட்டையே இடிச்சுக்கிட்டியே, உனக்கென்ன பைத்தியமா" என்று வாசலில் நின்று கத்தினார் சித்தப்பா. அக்கா, "எங்களுக்கு அடுப்படியோட போச்சு சித்தப்பா" என்றாள்.

அவருடைய மாடிப்படி பொத்தென்று விழுந்து வீடெல்லாம் புழுதி பறந்தது. அம்மாவுக்கு மூச்சு முட்டப் போகிறதே என்று ஜன்னலைச் சாத்த ஓடினேன். கொழுந்தனாரைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை குறைத்துப் பேசாதவள் அவள்.

"சாத்தாதடி" என்றாள் அம்மா. "என்னைக் கொஞ்சம் தூக்கி உட்கார வை. பாதிதான் தெரியுது."