சவரிமுத்துவின் நொச்சி வேலி

சவரிமுத்துவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கோயிலில் முழந்தாளிட்டாலும் ஒரு கண் வாசலில் விட்ட செருப்பின் மேலேயே இருக்கும்.

ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடத்துத் தண்ணீர் ஊறும் பள்ளத்தில் அவர் நிலம். கீழ்மூலையில் எந்தப் பயிரும் அழுகிப்போகும். ஓர் ஐப்பசியில் விரல் தடிமன் நொச்சிக் குச்சிகளை முழ நீளத்துக்கு வெட்டி, அந்தச் சேற்றில் வேலியாகச் சாய்த்து ஊன்றினார். மூன்றாம் வருசம் அது நீலப் பூவும் தேனீயுமாய் ஆள் உயரத்துக்கு நின்றது.

அது யுத்த காலம். சாப்பாட்டுக்குப் போக மிச்ச நெல்லைச் சர்க்கார் அளந்து எடுத்துக்கொண்டது. விதையை அவர்களே தருவார்களாம். சவரிமுத்து நம்பவில்லை. முன்பு ஒரு வெள்ளத்தில் விதையைப் பறிகொடுத்து, தன் நிலத்தைத் தரிசாக விட்டு, அடுத்தவன் வயலுக்கு நாற்று சுமந்தவர் அவர். மாட்டுக் கொட்டகையில் ஒரு பொய்ச்சுவர் எழுப்பி, மூன்று கலம் விதை நெல்லை மறைத்தார். வண்டு அண்டாமலிருக்க நொச்சித் தழையைக் காயவைத்துக் கலந்தார்.

சித்திரை நடுப்பகலில், சர்க்காருக்குத் துப்புச் சொல்லும் தலையாரி தங்கராசு வந்து நின்றான்.

"என்னண்ணே, பாதி நொச்சியை மொட்டையடிச்சிருக்கீங்க. ஆடுகூட திங்காதே அத."

"தடுமன். வேது புடிக்க."

"சித்திரையிலயா?"

"தடுமனுக்குப் பஞ்சாங்கமா தெரியும்?"

"அப்பப் புடிங்க. பாத்துட்டே போறேன்."

மனைவி பாத்திமா மேரி நொச்சித் தழை கொதிக்கும் பானையை வைத்து, கம்பளியைப் போர்த்திவிட்டாள். உள்ளே ஆவியில் வெந்தபடி சவரிமுத்து கம்பளி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். தலையாரியின் கால்கள் கொட்டகைப் பக்கம் போயிருந்தன.

"தம்பி, அங்க மாடு முட்டும்."

"மாடு மேயப் போயிருக்குண்ணே."

சுவரில் டொக் டொக்கென்று தட்டும் சத்தம். பிறகு கால்கள் திரும்பி வந்தன.

"செவுரு புதுசா இருக்கே."

"மழையில கரைஞ்சுபோச்சு."

"சித்திரையிலயா?"

கம்பளியைத் தள்ளிவிட்டு, வெந்த நண்டு மாதிரி சவரிமுத்து வெளியே வந்தார். சாயங்காலத்துக்குள் ஆளோடு வந்து சுவரை இடிப்பான், அடுத்த சம்பாவுக்கு மறுபடியும் ஊரான் வயல்தான் என்று நினைத்தார். தங்கராசு தலையைச் சொறிந்தான்.

"எனக்கும் ரெண்டு கட்டு ஒடிச்சுக் குடுங்கண்ணே. மூக்கடைப்பு."

சவரிமுத்து அவன் மூக்கை உற்றுப் பார்த்தார். வறண்டு கிடந்தது. குரலிலும் அடைப்பு இல்லை. அவனுக்கும் ரோட்டோரம் அரைக்காணி நிலம் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. அவனையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். முற்றின தழையாகப் பார்த்து மூன்று கட்டு ஒடித்தார்.

"நெழல்ல காயவச்சுப் போடு. பச்சையாப் போட்டா புழுங்கிப் பூடும்."

வேதுக்குப் பச்சைத் தழைதான் என்பது இருவருக்குமே தெரியும். தங்கராசு கட்டைத் தலைக்கு ஏற்றினான்.

"எத்தன கலத்துக்குண்ணே வரும் இது?"

"மூணுக்குக் காணும்."

"எங்கிட்ட அவ்வளவு ஏது? ஒண்ணரதான்."

சவரிமுத்து அதை நம்பவில்லை. நாலு கலமாவது இருக்கும் என்று இன்னொரு கட்டு ஒடிக்கப் போனார்.