கோட்டுக்குக் கீழே

அந்தத் தெருவில் அவளுக்குக் கத்திரி அக்கா என்று பேர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் கத்திரி. தையல் வேலை பார்க்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கத்தரித்தது மனிதர்களின் வருமானத்தை.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை. ஏறிப்போக இரும்புப் படி, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது. உள்ளே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், வந்தவர் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரோடு சுவராக ஃபைல் அலமாரி. எலக்ட்ரீஷியன், முடி வெட்டுகிறவர், டியூஷன் டீச்சர், மாவு மில் வைத்திருக்கிறவர், இரண்டு வண்டி வாங்கி வாடகைக்கு விட்டவர் என்று நூற்று நாற்பது பேர் வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் படி ஏறுவார்கள். பையிலிருந்து கசங்கின பில்லும் நோட்டும் எடுத்துக் கொட்டுவார்கள். கொட்டிவிட்டு, ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வருமானத்துக்கு ஒரு கோடு உண்டு. வருஷத்துக்கு இரண்டரை லட்சம். அதற்குக் கீழே இருந்தால் வரி கிடையாது, மேலே போனால் உண்டு. அவள் கையில் வந்த ஒருவரையும் கோட்டைத் தாண்ட விட்டதில்லை. மூன்று லட்சம் சம்பாதித்தவரும் கோட்டுக்குக் கீழே, ஏழு லட்சம் சம்பாதித்தவரும் கோட்டுக்குக் கீழே. செலவை ஏற்றுவாள், வரவை மறப்பாள், மனைவி பேரில் கொஞ்சம் தள்ளுவாள். கடைசியில் பேனாவால் மேஜையை ஒரு தட்டு தட்டி, "வரி பூஜ்யம், போயிட்டு வாங்க" என்பாள். கேட்டவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

"உன் பேனா பட்டா யானைகூட பூனையாயிடும்டி" என்பார் அவள் வீட்டுக்காரர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்கச் சில்லறைக்கு மல்லுக்கட்டியே பழகின வாய், சும்மா இருக்காது.

"பூனையா இருந்தாத்தான் பொழைக்க முடியும்" என்பாள் இவள்.

ஒரு ஆடிட்டரிடம் இருபத்திரண்டு வருஷம் டைப்பிஸ்டாகக் குப்பை கொட்டியவள் அவள். பணக்காரனுக்கு அவர் எப்படியெல்லாம் வளைத்துக் கொடுக்கிறார் என்று பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள். பெரிய கம்பெனிக்கு உள்ள வழி ஒரு எலக்ட்ரீஷியனுக்கு இல்லையா? இந்த ஒரு கேள்வியோடுதான் வேலையை விட்டு வந்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, தனியாக உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் அது நியாயமான கோபம்தான், பொய் சொல்லக்கூடாது. போகப்போகப் பழக்கமாகிப்போனது. கோபம் போய்விட்டது, கத்திரி மட்டும் நின்றுவிட்டது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ரிட்டர்ன் போடும் கெடு முடிந்த மறுநாள் காலையில், அந்த வருஷம் வந்த அசல் நோட்டு, டைரி எல்லாவற்றையும் கிழித்து, பாத்ரூமில் பெரிய பக்கெட்டில் சோப்புத்தூள் போட்டு ஊறவைப்பாள். எரித்தால் புகை வரும், பழைய பேப்பர்காரனிடம் போட்டால் எவன் கையில் போய்ச் சேருமோ. தண்ணீர்தான் பத்திரம். சாயங்காலத்துக்குள் மை கரைந்து பக்கெட் நீலமாகிவிடும். காகிதத்தைப் பிழிந்து உருட்டிக் குப்பையில் போட்டால் அந்த வருஷம் முடிந்தது. வாடிக்கையாளர்களுக்கும் இது தெரியும். "அக்கா, துவைச்சாச்சா?" என்று போனில் கேட்டுச் சிரிப்பார்கள்.

அவர்களில் வேன்காரர் ஒருவர். சொந்த வேன், தானே டிரைவர், தானே சுமை தூக்குகிறவர். பதினான்கு வருஷமாக வந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் அடங்குகிற டைரியில் ஒவ்வொரு நடையையும் எழுதிவைப்பார். தேதி, என்ன சரக்கு, எங்கிருந்து எங்கே, எவ்வளவு கூலி. குண்டு குண்டான எழுத்து, அதுவும் பென்சிலில். பேனா வைத்தால் வேன் குலுங்குகிற குலுங்கலில் மை ஒழுகிச் சட்டை பாழாகிறது, பெண்டாட்டி திட்டுகிறாள் என்று சொல்லுவார்.

ஒரு வருஷம் அவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"அக்கா, இந்தத் தடவை உள்ளதை உள்ளபடியே போட்டுடுங்களேன்."

"ஏன், என்ன வந்துச்சு உனக்கு?"

"வீடு ஒண்ணு பார்த்திருக்கோம். ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க, எத்தனை நாளைக்குத்தான் வாடகை வீடு? பேங்க்ல கேட்டா, உங்க வருமானத்துக்கு லோன் கிடையாதுன்னுட்டான். ஆறு லட்சத்துக்கு மேல சம்பாதிக்கறேன்னு சொன்னா, ரிட்டர்னைக் காட்டிச் சிரிக்கிறான்."

"வரி கட்டி ஓட்டாண்டி ஆகப் போறியா? அதுவும் திடுதிப்புன்னு ஏத்தினா, முன்னாடி வருஷமெல்லாம் எங்க போச்சுன்னு குடைவானுங்க. உன்னையும் குடைவான், என்னையும் குடைவான். வீடு எங்க ஓடியா போகுது? பேசாம இரு தம்பி."

அவர் பேசாமல்தான் இருந்தார். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று போய்விட்டார். அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் கோட்டுக்குக் கீழேதான், இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்.

அடுத்த தடவை டைரியைக் கொடுத்துவிட்டுப் போன பதினைந்தாம் நாள், சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர் மேல் ஒரு லாரி பின்பக்கமாக வந்து ஏறியது. நாற்பத்திரண்டு வயசு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அக்கா சாவு வீட்டுக்குப் போய் மூலையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த அழுகையில் கள்ளம் இல்லை.

ஒரு மாசம் கழித்து அவர் மனைவி இரும்புப் படி ஏறி வந்தாள். கையில் வக்கீல் கொடுத்த காகிதம்.

"லாரிக்காரனோட இன்சூரன்ஸ் கம்பெனி பணம் குடுக்கணுமாம் அக்கா. அவரு வருஷத்துக்கு என்ன சம்பாதிச்சாரோ, அதுல அவரு செலவு மூணுல ஒரு பங்கு போக, மிச்சத்தை அவரு வயசுக்குப் பதினாலால பெருக்குவாங்களாம். ஆனா அந்தக் கம்பெனி வக்கீல் அவரோட ரிட்டர்னை எடுத்துவெச்சுக்கிட்டு, இதான் வருமானம்னு சொல்றானாம். ரெண்டரை லட்சம்கூட இல்லயாமே அக்கா அதுல?"

கணக்கு அக்காவின் மண்டைக்குள் தானாக ஓடியது. ரிட்டர்னில் உள்ளபடி பார்த்தால் இருபத்திரண்டு லட்சம். டைரியில் உள்ளபடி பார்த்தால் ஐம்பத்தெட்டு லட்சம். இருபது வருஷத்தில் ஒரு கணக்கும் அவளை இப்படி வியர்க்கவைத்ததில்லை.

"வேன் கடனே ஆறு லட்சம் நிக்குது" என்றாள் வேன்காரர் மனைவி. "பெரியவளுக்கு நர்சிங் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. டைரி இருந்தா போதும், கணக்கு எழுதினவங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்னு வக்கீல் சொல்றார். டைரியை உங்ககிட்டக் குடுத்துட்டு வந்தேன்னு அவரு சொன்னாரு அக்கா."

டைரி அப்போது அவளுக்குப் பின்னால் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருந்தது.

"இங்கதான் எங்கயாவது இருக்கும்மா, தேடி வைக்கிறேன். கோர்ட்டுக்கும் வர்றேன். எனக்கும் அவன் தம்பிதானே?" என்றாள் அக்கா. அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

அந்த வருஷக் கெடு முடிந்து, மற்ற எல்லா நோட்டும் பக்கெட்டுக்குப் போயின. இந்த டைரியை மட்டும் கிழிக்கக் கை வரவில்லை. கேஸ் இழுத்தடித்து ஒன்றரை வருஷம் கழித்துச் சாட்சிக்கு வரச்சொல்லிக் காகிதம் வந்தது. அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"என்னங்க, போய் உண்மையைச் சொன்னா லைசென்ஸ் போயிடும்" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"போகட்டுமே. என் பென்ஷன் இருக்கு, ரெண்டு பேர் ஓட்டிக்கலாம். முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன் நான், பத்துப் பைசா கூடுதலா வந்தாலும் தூக்கம் வராது. நீ போய்ச் சொல்லிட்டு வந்துடு."

கேட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு வீட்டில் தடை சொல்ல ஆளில்லை. சோற்றுக்குத் திண்டாட்டமும் இல்லை. டைரியைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் கோர்ட்டுக்குக் கிளம்பினாள்.

கோர்ட் என்றால் பெரிய மண்டபம் ஒன்றுமில்லை. ஸ்கூல் வகுப்பறை மாதிரி ஓர் அறை, பெஞ்சு, ஓடாத ஒரு ஃபேன். வேன்காரர் மனைவி இரண்டாம் பெஞ்சில் பெரிய மகளோடு உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

அக்கா கூண்டில் ஏறி நின்றதும் அவர்கள் வக்கீல் எழுந்து கேட்டார். "இந்த ரிட்டர்ன் எல்லாம் நீங்க போட்டதுதானே?"

"ஆமாங்க."

"இறந்தவர் உண்மையில் எவ்வளவு சம்பாதிச்சார்னு உங்களுக்குத் தெரியுமில்லையா? பயப்படாம சொல்லுங்க."

வாயைத் திறந்தாள். எதிரே கம்பெனி வக்கீல் பேனா மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தான். அப்படியென்றால் பதினான்கு வருஷமாகப் பொய்க் கணக்கு எழுதினீர்களா என்று அவன் அடுத்ததாகக் கேட்பான். வேறு யார் யாருக்கெல்லாம் எழுதினீர்கள் என்றும் கேட்பான். எலக்ட்ரீஷியன், டியூஷன் டீச்சர், மாவு மில் என்று நூற்று நாற்பது ஃபைலும் கண்முன் வந்து நின்றன. இத்தனை பேர் முன்னால் ஒருத்தன் தன்னைப் பார்த்து 'பொய்க்காரி' என்று சொல்லப்போகிறான் என்பதும் வந்து நின்றது. கைப்பை கையில்தான் இருந்தது. இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல இருக்கிறதுதாங்க" என்றாள்.

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். "டைரி ஏதாவது கொடுத்திருந்தாரா?"

"டைரி ஒண்ணும் என்கிட்ட வரலைங்க. அவர் வாயால சொன்னதை எழுதிக்கிட்டேன்."

செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? கம்பெனி வக்கீல் பேனாவை மூடிக்கொண்டு, கேள்வி எதுவும் இல்லை என்றான். அக்கா கூண்டிலிருந்து இறங்கினாள். வேன்காரர் மனைவி கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. முதல்முறையாகப் பார்க்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். மகள்தான், "என்னம்மா இவங்க இப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நூற்று நாற்பது குடும்பத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று அக்கா பிற்பாடு வீட்டுக்காரரிடம் சொன்னாள். யானை, பூனை என்று அவர் அடிக்கிற கிண்டல் அன்றோடு நின்றுபோனது. அந்தக் காரணத்தை அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. பயந்துவிட்டாள், அவ்வளவுதான். அதைப் பயம் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்குப் பயம்.

வீட்டுக்கு வந்த கையோடு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, சோப்புத்தூள் கொட்டி, டைரியை உள்ளே அமுக்கினாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தண்ணீர் வெள்ளையாகவே இருந்தது. பென்சில் எழுத்து கரையுமா? முதல் வருஷத்திலிருந்தே அவர் டைரி மட்டும் கரைவதில்லை, பொடிப்பொடியாகக் கிழித்துத்தான் போட வேண்டியிருக்கும். அவளுக்கு அது மறந்துபோயிருந்தது. ஊறிப்போன தாளில் குண்டு குண்டாக அப்படியே இருந்தது. பதினொன்றாம் தேதி, சிமெண்டு நாற்பது மூட்டை, இரண்டு நடை. பதினாலாம் தேதி, வீடு மாற்றினவர் சாமான், கூலி பாதிதான் கொடுத்தார், பரவாயில்லை. அவள் ஈரத்தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். கிழிக்கத் தெம்பில்லை. காயவைத்து, மேஜையின் அடி டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

தீர்ப்பில் இருபத்திரண்டு லட்சம் வந்தது. வேன் கடனும் வக்கீல் பீஸும் கைமாற்றும் போக மிஞ்சியது பதின்மூன்று. பெரியவள் நர்சிங்கைப் பாதியில் விட்டுவிட்டு மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறாள் என்று முடி வெட்டுகிறவர் சொன்னார்.

அதற்கும் மூன்று மாசம் கழித்து ஒரு முற்பகலில் இரும்புப் படியில் சத்தம். வேன்காரர் மனைவி. அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காருங்க அக்கா. சண்டைக்கு வரலை. பணத்தை பேங்க்ல போட்டிருக்கேன். வர்ற வட்டியில வரி பிடிச்சுக்குவாங்களாம். வேண்டாம்னா ஒரு பாரம் எழுதிக் குடுக்கணுமாம். வேற ஆள்கிட்டப் போனேன். எங்க வீட்டுக்காரரோட பழைய ஃபைல் கொண்டாங்கிறாங்க. அது உங்ககிட்டதானே இருக்கு?"

அக்கா பாரத்தை வாங்கினாள். கால்குலேட்டர் தேவைப்படவில்லை. பதின்மூன்று லட்சத்துக்கு வட்டி வருஷத்துக்கு ஒரு லட்சம்கூடத் தேறாது. ஐம்பத்தெட்டு லட்சமாக இருந்திருந்தால் கோட்டைத் தாண்டிப் போயிருக்கும், வரி கட்டியிருக்க வேண்டும். நிரப்பி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினாள். அவள் போட்டாள். அடி டிராயர் அக்காவின் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"வரி எவ்வளவு வரும் அக்கா?"

பேனா கையில் இருந்தது. மேஜையைத் தட்டவில்லை.

"ஒண்ணும் வராதும்மா. பூஜ்யம்தான்."

வேன்காரர் மனைவி பாரத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். பர்ஸைத் திறந்து, வருஷா வருஷம் அவள் புருஷன் கொடுக்கிற அதே பீஸை எண்ணி மேஜையில் வைத்தாள்.

"ஐயோ, வேண்டாம்மா. எடுத்துக்கோ. உன்கிட்டப் போய் வாங்குவனா?"

"இருக்கட்டும் அக்கா" என்றாள் அவள் எழுந்துகொண்டே. "வரியே இல்லாம பண்ணிக் குடுத்துட்டீங்களே."